பெயர் சொல்வதற்கென்று இருந்த ஒரு மணி நேரம்

மட்டக்களப்பில் சில தன்னார்வலர்கள் சேர்ந்து இணையத்தில் நடத்தி வந்த ஒரு வாராந்த வானொலி நிகழ்ச்சி நின்றுவிட்டது. பெண் இசைஞர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு மணி நேரம் அது. பாடகிகள், வீணைக்காரிகள், இசையமைப்பாளர்கள், கோயிலில் நாவைச் சுழற்றிக் குரவை ஒலி எழுப்பும் பெரியம்மாக்கள், வயலில் கவி சொன்ன பாட்டிமார் என்று எல்லாரும் அதில் வந்து போனார்கள். பின்னாலிருந்து கொஞ்சம் உதவி செய்தவள் என்பதால் ஏன் நிற்பாட்டினீர்கள் என்று என்னிடமும் கேட்கிறார்கள். நடத்தியவர்களில் ஒருவருக்கு வேறு மாவட்டத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது, இன்னொருவருக்குக் கைக்குழந்தை. இந்தப் பதில் உண்மைதான். ஆனால் இரண்டு பேருக்கு நேரமில்லாமல் போனதும் ஒரு நிகழ்ச்சியே இல்லாமல் போகிறது என்றால், அது நின்றிருந்த நிலம் எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில், அந்த நிகழ்ச்சி என்ன செய்தது என்பது. அதற்கு ஒரேயொரு விதி இருந்தது: பெயர் சொல்லாமல் எந்தப் பாட்டும் போகக்கூடாது. யார் பாடினார், யார் எழுதினார், பின்னால் வயலின் யார், தம்புரா யார் என்று தெரிந்த அளவுக்குச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய பெயர்களைத் தேடி எடுக்க ஒரு கிழமை போதாது.

பாடுகிறவளின் பெயர் எப்படித் தொலைகிறது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1902 நவம்பர் 11ஆம் திகதி கல்கத்தாவில் கிராமபோன் கம்பனிக்காக கௌஹர் ஜான் பாடினார். இந்தியாவில் பதிவான முதல் இசைத்தட்டுகளில் அவருடையவை முக்கியமானவை. பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்லுவார். அது விளம்பரத்துக்காக இல்லை. அச்சுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகத் திரும்பி வரும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பெயரைக் குரலாலேயே தட்டில் பதிந்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அந்தப் பெயர் கேட்கிறது. அதே காலத்தில் பாடிய எத்தனையோ பெண்களுக்குத் தட்டும் இல்லை, பெயரும் இல்லை.

இலங்கை வானொலிக்கும் பெயர் சொல்லும் வழக்கம் இருந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பிறகு ரேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமாகி, கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் போயிற்று. படத்தின் பெயர், பாடியவர், கவிஞர், இசையமைப்பாளர் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் அறிவிப்பாளர் பாட்டைப் போடுவார். எங்கள் அம்மாமாருக்குப் படம் பார்க்காமலே பி.சுசீலாவையும் எஸ்.ஜானகியையும் எல்.ஆர்.ஈஸ்வரியையும் குரலை வைத்துப் பிரித்தறியத் தெரிந்ததென்றால் அந்த வழக்கமும் ஒரு காரணம். சொன்னவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். வானொலிக் குயில் என்று பெயரெடுத்த இராஜேஸ்வரி சண்முகம் 2012இல் காலமானபோது, இறந்தது ஒரு அறிவிப்பாளர் மட்டும்தான் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை.

1998இல் சூரியன், சக்தி போன்ற தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தன. அவை நிறைய நல்லதும் செய்தன. பேச்சுத் தமிழ் வானொலிக்குள் வந்தது, இளம் பெண்கள் நிறையப் பேருக்கு மைக் கிடைத்தது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் கழன்று விழுந்தது பெயர்கள்தான். அப்புறம் கைபேசிச் செயலிகள் வந்தன. அவற்றில் பெரும்பாலும் படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும்தான் பெரிதாகத் தெரியும். தமிழ்ச் சினிமாவில் அந்த இசையமைப்பாளர் கிட்டத்தட்ட எப்போதும் ஆண். பாடிய பெண்ணைத் தேடி நாலு தடவை தட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஏற்றத்தாழ்வு தமிழுக்கு மட்டும் உரியதில்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அன்னென்பர்க் ஆய்வாளர்கள் 2012 முதல் 2018 வரை அமெரிக்காவில் முன்னணியில் இருந்த 700 பாடல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பாடியவர்களில் பெண்கள் 21.7 வீதம், எழுதியவர்களில் 12.3 வீதம், தயாரிப்பாளர்களில் 2.1 வீதம். மேடையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போகப்போகப் பெண்கள் குறைகிறார்கள். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதும் 1968இல் எம்.எஸ்.சுப்புலட்சுமிக்குக் கிடைக்கும் வரை ஒரு பெண்ணுக்கும் போகவில்லை. இங்கே கொழும்பில் 2024 ஜனவரியில் பாடகியும் இசையமைப்பாளருமான பவதாரிணி காலமானபோது, ‘பாரதி’ படத்துக்குப் பாடித் தேசிய விருது வாங்கியதைப் பலர் நினைவுபடுத்தினார்கள். அவர் இசையமைத்த படங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நிகழ்ச்சி அந்தக் கிழமை அவர் பாடிய பாட்டுகளை விட்டு, அவர் இசையமைத்தவற்றைப் போட்டது. அதைச் சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

இலங்கைக்குள்ளேயே மறந்துபோன தொடர்புகளும் உண்டு. சிங்களச் சினிமாவின் முதல் பேசும் படம் ‘கடவுனு பொறொந்துவ’, 1947. அதில் நடித்துப் பாடிய ருக்மணி தேவி தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். டெய்சி ராசம்மா என்பது பெற்றோர் வைத்த பெயர். சிங்கள இசையின் ஒரு தலைமுறையே அவர் குரலில் வளர்ந்தது. மட்டக்களப்பில் அவரைத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?

இதுவரை சொன்னதெல்லாம் தட்டிலும் நாடாவிலும் இருக்கும் பெண்கள். எங்கள் பக்கத்தில் கடினமான வேலை அதற்கு வெளியே இருக்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் இசை என்றவுடன் முதலில் கூத்து ஞாபகம் வரும். வடமோடி, தென்மோடி, வசந்தன். மரபாக அவற்றில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஆண், மத்தளம் ஆண், பெண் வேடம் கட்டுவதும் ஆண். இன்று பெண்கள் ஆடுகிறார்கள், பறை அடிக்கும் பெண்கள் குழுக்களும் உண்டு. ஆனாலும் ஊரில் யாரையாவது கலைஞர் என்று கௌரவித்துப் பொன்னாடை போர்த்தும்போது வரிசை பெரும்பாலும் அண்ணாவிமாரோடு முடிந்துவிடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். உடுக்கடித்துக் காவியம் பாடுவது ஆண்கள். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கின்போது கூடியிருக்கும் பெண்களின் குரவை எழும்பும். ஒரு குரல் தொடங்க, ஐம்பது குரல் அதைத் தூக்கிக்கொண்டு போகும். எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதெல்லாம் கூடியிருப்பவர்களுக்குத் தெரியும். அது பழக்கத்தால் வந்த இசையறிவு. ஆனால் அதைத் தொடங்குகிற பெண்ணை இசைஞர் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. நீங்கள் பாடுகிறவரா என்று கேட்டால் அவரே இல்லை என்றுதான் சொல்வார்.

கவி இன்னும் சுவையான விஷயம். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, சம்மாந்துறை, நிந்தவூர் பக்கம் முஸ்லிம் ஊர்களில் வாய்மொழியாக வந்த நாலுவரிக் கவிகள் ஏராளம். மச்சானுக்குச் சொல்வது, மச்சிக்குச் சொல்வது, தாய்க்குச் சொல்வது, வெள்ளாமை, காவல், பிரிவு எல்லாம் அதில் உண்டு. பெண்ணின் குரலில் வரும் கவிகள் கூர்மையானவை: கேள்வி கேட்கும், குத்தும், கெஞ்சும், சில நேரம் மாப்பிள்ளையை ஒரே வரியில் கவிழ்த்துவிடும். இவை நூல்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தொகுத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும், அவர்கள் இல்லையென்றால் பாதி போயிருக்கும். ஆனால் அட்டையில் தொகுத்தவரின் பெயர் இருக்கும். கவியைச் சொல்லிக் கொடுத்த உம்மாவின் பெயர் முன்னுரையிலாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. அச்சில் ஏறியபோது மெட்டும் போய்விட்டது. நாலு வரியைப் படிக்கலாம். இழுத்து நிறுத்தும் இடம், மூச்சு விடும் இடம், கடைசிச் சொல்லில் குரல் எப்படி விழும் என்பதெல்லாம் தாளில் இல்லை.

வானொலியின் பெறுமதி இந்த இடத்தில்தான் தெரிகிறது. மேடையேறாத பெண் வானொலியில் பாடுவாள். முகம் தெரியாது, உடுப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஊர்ச் சபை கூடாது. அடுப்படியில் இருந்து கைபேசியில் பாடி அனுப்பலாம். கேட்பவர்களும் அப்படித்தான். மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணுக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். காணொளி அவளுக்கு உதவாது.

ஆனால் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற எங்கள் விதி இடித்ததும் இங்கேதான். சிலர் பாடுவார்கள், ஆனால் பெயர் வேண்டாம் என்பார்கள். பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ, பள்ளிவாசலில் என்ன கதைப்பார்களோ, மருமகன் வீட்டில் கேட்டால் என்ன ஆகுமோ. பெண்களுக்குப் பெயர் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வேண்டாம் என்கிற பெண்ணின் பெயரைச் சொல்வது எந்த வகை மரியாதை? பேசிப் பேசிக் கடைசியில் வந்த ஏற்பாடு இது: பெயர் சொல்லுவதா, ஊர் மட்டும் சொல்லுவதா, இன்னாரின் மகள் என்று சொல்லுவதா என்று பாடியவரே தீர்மானிப்பார். எதுவானாலும் பதிவேட்டில் முழுப்பெயர் இருக்கும், அதைத் திறக்க அவர் சம்மதம் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதைப் பொதுவில் பயன்படுத்தும்போது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்கிறது. ஊரைச் சொன்னால் சட்டம் திருப்தியடைந்துவிடும். பாடிய ஆளைப் பற்றி யோசிப்பது நிகழ்ச்சி நடத்துகிறவரின் பொறுப்பு.

சரி, இவ்வளவு வேலை செய்யும் ஒரு நிகழ்ச்சி ஏன் இரண்டு பேரின் தோளில் மட்டும் நின்றது?

ஊர் மக்களுக்காக ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சமூக வானொலி என்ற யோசனை தெற்காசியாவில் முதலில் வேர்விட்ட நாடுகளில் இலங்கை ஒன்று. 1980களின் தொடக்கத்தில் மகாவலிக் குடியேற்றங்களுக்காக யூனெஸ்கோ, டென்மார்க் உதவியோடு மகாவலி சமூக வானொலி வந்தது. 1986இல் கிராந்துருக்கோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் நிலையங்கள் வந்தன. கொத்மலை பிறகு 1999இல் இணையத்தை வானொலியோடு சேர்த்ததற்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் இவை எல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கிளைகள். நிலையத்தை நடத்துவது அரச ஊழியர், அலைவரிசை அரசுடையது. ஊர்ச் சங்கமோ பெண்கள் அமைப்போ தனக்கென்று ஒரு சிறிய அலைவரிசையை எடுத்து நடத்துவதற்கான தனி உரிம வகை சட்டத்தில் உருவாகவில்லை. தனியாருக்கான உரிமங்கள்கூட 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கையால் வந்தவைதான். 1997இல் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை விசாரித்த உயர் நீதிமன்றம், அலைவரிசை பொதுச் சொத்து, அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்று சொல்லி அந்தச் சட்டமூலத்தை ஏற்க மறுத்தது. தீர்ப்பு நல்லது. அதன் பிறகு வந்திருக்க வேண்டிய சுயாதீன அமைப்புதான் வரவில்லை.

பக்கத்து நாடுகளைப் பாருங்கள். நேபாளத்தில் 1997இல் ரேடியோ சாகர்மாதா என்ற சமூக வானொலி வந்தது. இந்தியாவில் 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்றது. 2004இல் சென்னையில் அண்ணா எப்.எம். கல்வி நிறுவனத்துக்கான சமூக வானொலியாக வந்தது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. 2008 ஒக்டோபரில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில் சங்கம் ரேடியோ தொடங்கியது. தலித் பெண்கள், தங்கள் தெலுங்கில், தங்கள் விதையையும் பாட்டையும் பற்றித் தாங்களே நடத்துவது. அங்கேயும் பணக் கஷ்டம் உண்டு, ஆள் குறைவு உண்டு. ஆனால் ஒருத்தி விலகினால் நிலையம் இருக்கும், இன்னொருத்தி வந்து உட்காரலாம்.

எங்களுக்கு அட்டாளைச்சேனையில் இருந்து ஒலிக்கும் பிறை எப்.எம். போன்ற பிராந்திய அரச சேவை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்பாறைக் கரையின் பேச்சுத் தமிழ் அரச வானொலியில் கேட்பதே பெரிய விஷயம். ஆனால் அதன் நேர அட்டவணை ஊர்ப் பெண்களின் கையில் இல்லை. ஆகவே மிச்சமிருந்தது இணையம். உரிமம் வேண்டாம், ஒரு கணினியும் மைக்கும் போதும் என்று தொடங்கலாம். ஆனால் கேட்பவருக்கு டேட்டா காசு. பண்பலைக்கு மலிவான ஒரு றேடியோப் பெட்டியும் பேட்டரியும் போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் கைபேசிக் கோபுரங்களும் தடுமாறின. அப்போது பேட்டரி றேடியோ வைத்திருந்த வீட்டில் பாட்டுக் கேட்டது. இணைய வானொலிக்கு அது முடியாது.

இன்னொரு தடையை ஆரம்பத்தில் பலரும் யோசிப்பதில்லை. நிகழ்ச்சியை யூடியூபிலோ முகநூலிலோ ஏற்றினால், நடுவில் வரும் ஒரு சினிமாப் பாட்டை இயந்திரம் கண்டுபிடித்து, ஒலியை அடைத்துவிடும் அல்லது முழுவதையும் தடுத்துவிடும். பாட்டின் உரிமையாளர் செய்வது அவருடைய உரிமை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தோடு சேர்ந்து, எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பாடிய ஊஞ்சல் பாட்டும் காணாமல் போகும். இதற்கு ஒரே வழி, நேர்காணலையும் நாட்டார் பாட்டையும் சினிமாப் பாட்டோடு கலக்காமல் தனிக் கோப்பாக முதலிலிருந்தே வைத்திருப்பது.

ஆட்கள் விஷயமும் இருக்கிறது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இந்தப் பிரதேசத்தில் இசை படிக்கும் பெண்களின் முக்கிய வாசல். யாழ் நூலை 1947இல் தந்த காரைதீவுக்காரரின் பெயரில் அது இருப்பது பொருத்தமே. அங்கிருந்து வெளியேறும் பெண்களில் பலர் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பார்கள். நியமனம் வந்தால் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். சம்பளமில்லாத வேலையை அந்த இடைவெளியை நம்பி நடத்தினால் அது இப்படித்தான் ஆகும். விளம்பரம் எடுத்திருக்கலாமே என்பவர்களுக்கு: ஒப்பாரிக்கும் குரவைக்கும் நடுவில் யார் விளம்பரம் தருவார்கள்?

ஆகவே விடைகொடுப்பது என்று வரும்போது, கடைசி நிகழ்ச்சியில் என்ன பாட்டுப் போடுவது என்பது சிறிய கேள்வி. பதிவுகளை என்ன செய்வது என்பது பெரியது. பல சமூக வானொலி நிகழ்ச்சிகள் நின்ற சில வருடங்களில் இல்லாததாகிவிடுவதற்குக் காரணம், எல்லாம் ஒருவருடைய மடிகணினியில் இருப்பது. ஒரு மணி நேரத்துக்கான சுருக்காத வேவ் கோப்பு ஏறத்தாழ 600 எம்.பி. பிடிக்கும். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 ஆக்கினால் 60க்குள் அடங்கும். இடமில்லை என்று முதலில் அழிப்பது பெரிய கோப்பைத்தான். பிறகு எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு வருந்துவோம், ஏனென்றால் சுருக்கும்போது போன ஒலி திரும்பி வராது. குரவை போன்ற உச்சக் குரல்களில் அந்த வித்தியாசம் காதுக்கே தெரியும்.

நிகழ்ச்சியை மூடும்போது செய்யப்பட்டவை இவை. மூலப் பதிவுகள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன. ஒன்று கடலிலிருந்து தூரத்திலுள்ள வீடு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டிலேயே அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், அந்த உயிர்களோடு வீட்டு அலுமாரிகளில் இருந்த கசெட்டுகளும் போயின. அடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர், ஊர், பாடிய திகதி, எங்கே கற்றார், பெயர் சொல்லச் சம்மதமா இல்லையா என்று ஒரு பட்டியல். நிகழ்ச்சியின் உண்மையான சொத்து அந்தப் பட்டியல்தான் என்று நான் நம்புகிறேன். பட்டியலில்லாத ஒலிக்கோப்பு, பத்து வருடத்தில் யாரோ ஒரு பெண் பாடுவதாக மட்டுமே இருக்கும். சம்மதம் தந்தவர்களின் பதிவுகளை எண்ணிம ஆவணகத்தில் சேர்ப்பது அடுத்த வேலை. 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத் தளம் ஈழத்து ஒலிப்பதிவுகளையும் வைத்துக் காக்கிறது. யாரும் அங்கே போய்க் கேட்கலாம். சம்மதம் கேட்கப் போனபோது பாடியவர் காலமாகியிருந்த வீடுகளும் இருந்தன. அங்கே மகள்மாரிடம் கேட்கிறோம். ஒரு மகள் மறுத்தால் அந்தப் பதிவு மூடியே இருக்கும்.

நிகழ்ச்சி திரும்ப வருமா என்றால், இப்போதிருக்கிற ஏற்பாட்டில் வர வேண்டாம் என்பதே என் எண்ணம். குறைந்தது ஐந்தாறு பேர் முறைபோட்டு நடத்தும் குழு, பள்ளிக்கூடமோ நூல்நிலையமோ தரும் ஒரு நிலையான அறை, மாதாந்தம் சிறிய தொகை தரும் கேட்போர் கூட்டம் என்று இவை மூன்றும் முதலில் வேண்டும். சமூக வானொலிக்கு உரிமம் கேட்கும் குரல் கிழக்கிலிருந்தும், அதுவும் பெண்களிடமிருந்தும் போக வேண்டும். ஏதாவது அதிகார சபைச் சட்டமூலம் மறுபடி வரும்போது அதில் சமூக ஒலிபரப்புக்குத் தனி அத்தியாயம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

அதற்கிடையில் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கசெட் இருந்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். உப்புக் காற்றில் கிடந்த நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஒரு தடவை ஓடும்போதே அறுந்துவிடக்கூடும், பிளேயரும் கெட்டுப்போகலாம். வெள்ளைப் பொடி போல ஏதாவது தெரிகிறதா என்று கசெட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். தெரிந்தால் தனியாக ஒரு கடதாசி உறையில் போட்டு, இந்த வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள். தெரியாவிட்டாலும் கசெட்டின் மேல் பென்சிலால் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார் குரல், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம். கலியாண வீட்டுக் கசெட் என்று ஒதுக்க வேண்டாம். ஊஞ்சல் பாட்டும் குரவையும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன.